ரிம்மில் போகாத பிரேக் தூசு: கறையைப் பார்த்து மருந்தை எடுங்கள்

வாளியைத் தூக்குவதற்கு முன் ரிம்மில் ஓரிடத்தில் ஈர விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். விரல் கறுத்து, இழுத்த தடம் பளிச்சென்று தெரிந்தால் அது வெறும் தூசு. ஷாம்புத் தண்ணீரே போதும். விரல் கறுத்த பிறகும் தடம் மண்ணிறமாகவே இருந்தால் தூசு பூச்சில் பிடித்துவிட்டது. துடைத்த இடம் நகத்துக்கு மணல்போல நெருடினால் இரும்புத் துணுக்கு குத்தி நிற்கிறது. பிசுபிசுத்தால் அது பிரேக் தூசே இல்லை. நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் கடையில் இருப்பதிலேயே காரமான போத்தலை வாங்கி ஊற்றுவதால் கெட்ட அலோய் ரிம்தான் கண்ணில் படுகிறதே தவிர, தூசினால் மட்டும் கெட்ட ரிம்மைக் காண்பது அரிது.

பிரேக் பிடிக்கும்போது சில்லோடு சுற்றும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் அதை நெரித்துப் பிடிக்கும் பேட்டும் ஒன்றையொன்று தேய்த்து உதிர்கின்றன. அந்தத் தூளில் இரும்பு, கரி, பேட்டை இறுக்கி வைத்திருந்த பிசின் எல்லாம் கலந்திருக்கும். சூட்டோடு பறந்து ரிம்மின் மேலுள்ள நிறமற்ற கிளியர் பூச்சில் ஒட்டும். மிச்ச வேலையைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குக் கரையோரமாக நிற்கும் காரில், ஒட்டிய இரும்பு உப்பு ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்துப் பூச்சை நெம்பும். கடலைவிட்டு உள்ளே உகணை, மகாஓயாப் பக்கம் நிற்கும் காரில் இதே வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பிரேக்கின் பெரும்பாரம் முன்பக்கம் விழுவதால் முன் சில்லுகள்தான் முதலில் கறுக்கும். ஆக்குவா, ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் பின்னால் ட்ரம் பிரேக். தூசு ட்ரம்முக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதனால் பின் ரிம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து முன்னால் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

தொடங்கும் முன்

ரிம் ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த கையோடு டிஸ்க்கில் குளிர்தண்ணீர் அடித்தால் டிஸ்க் சீரில்லாமல் சுருங்கி வளையக்கூடும். அரை மணி நேரம் நிழலில் விடுங்கள். மகியங்கனைப் பதினெட்டு வளைவிலோ, லுணுகலை இறக்கத்திலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருந்தால், இடையில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது சில்லுக்குத் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

நேரம் காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தெளிக்கும் எந்த மருந்தும் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த மருந்து விட்டுச் செல்லும் கறை பிரேக் கறையைவிடப் பிடிவாதமானது.

தேவையானவை: 10 லீற்றர் வாளி இரண்டு, கார் ஷாம்பு, மென்மையான சில்லுப் பிரஷ், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், நைட்ரைல் கையுறை, பழைய பருத்தித் துண்டுகள். பெயின்ட் பிரஷ்ஷின் தகரக் கழுத்தில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். நட் குழிக்குள் பிரஷ்ஷைத் திருகும்போது அந்தத் தகர விளிம்புதான் கீறும். இந்த வாளியும் பிரஷ்ஷும் சில்லுக்கு மட்டும். இதே பிரஷ் போனட்டில் பட்டால் இரும்புத் துணுக்கு பெயின்டைக் கோடு கோடாகக் கீறிவிடும்.

கிணற்றடியில் வைத்துக் கழுவாதீர்கள். வடியும் தண்ணீரில் பேட்டின் உலோகத் தூள் இருக்கிறது. நம் கரையோர மணல் அதை நேரே கிணற்றுக்குள் இறக்கிவிடும். வாவிக் கரையும் அப்படித்தான். காய்ந்த தூசைக் கம்பிரசர் காற்றால் ஊதவும் வேண்டாம், மூக்குக்குள் போகக்கூடாத தூள் அது.

ஷாம்பு போட்ட பிறகும் மண்ணிறப் படலம் போகவில்லை

கூடுதலான கார்களில் இருப்பது இதுதான். இதற்கு வேண்டியது இரும்பைக் கரைக்கும் மருந்து. போத்தலில் அயன் ரிமூவர் என்றோ ஃபோல்அவுட் ரிமூவர் என்றோ போட்டிருக்கும். உள்ளே இருப்பது தயோகிளைகொலேட் உப்பு. அமிலமும் இல்லை, கடும் காரமும் இல்லை என்பதால் கிளியர் பூச்சுக்குப் பாதகமில்லை. நாற்றம்தான் தாங்காது. அழுகிய முட்டையும் முடி சுருட்டும் மருந்தும் கலந்த வாடை, கையில் பட்டால் சாப்பாட்டு வேளை வரை போகாது. கையுறை அதற்கும் சேர்த்துத்தான்.

முதலில் வெறும் தண்ணீரை வேகமாக அடித்து மணலை இறக்குங்கள். மணல் இருக்கும்போது தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. அடுத்து 10 லீற்றர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர் ஷாம்பு கலந்து முகப்பையும், கை நுழையும் அளவு உள்வளையத்தையும் கழுவி அலசுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீரைத் துண்டால் ஒற்றி எடுங்கள். நனைந்த ரிம்மில் தெளித்தால் மருந்து நீர்த்துப்போகும். பலர் இந்த ஒற்றலைச் செய்யாமல் விட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வார்கள்.

இப்போது மருந்து. 15 அங்குல ரிம்முக்கு 40 முதல் 50 மில்லிலீற்றர், கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சில்லு மட்டும். அரை நிமிடத்தில் நிறமற்ற திரவம் அங்கங்கே ஊதாப் புள்ளியாகும். பிறகு புள்ளிகள் சேர்ந்து, நாவற்பழச் சாறு வழிவதுபோல ஆரக்காலில் கோடு கோடாக இறங்கும். ஆரக்கால் உள்வளையத்தைச் சந்திக்கும் மூலையும் நட் குழிகளும்தான் கடும் ஊதாவாக இருக்கும். இரும்பு கிடக்கும் இடத்தை அது காட்டிக் கொடுக்கிறது; பிரஷ்ஷை அங்கே கொண்டுபோங்கள்.

மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறட்டும். இரண்டாவது நிமிடத்தில் பிரஷ்ஷால் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஓரம் காயத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள், இல்லையென்றால் உடனே அலசிவிடுங்கள். அலசும்போது டயர், ஃபெண்டரின் உட்பக்கம், பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பர் எல்லாவற்றிலும் தண்ணீர் படட்டும். ஆறு மாதமாகத் தொடாத ரிம் ஒரே தடவையில் முழுதும் போகாது. இரண்டாம் சுற்றில் ஊதா வெளிறி வரும், மூன்றாம் சுற்றில் கிட்டத்தட்ட வராது. அதோடு நிறுத்துங்கள். 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று நாலு சில்லுக்கு இரண்டு தடவை தாராளமாக வரும்.

ஊதாவே வரவில்லையா? மருந்து பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். மேலே தார் அல்லது மெழுகுப் படலம் இருந்தால் மருந்து இரும்பைத் தொடவே தொடாது. தாரை எடுத்துவிட்டு மறுபடி தெளியுங்கள். அதற்கும் நிறம் மாறவில்லை என்றால் அந்தக் கறை இரும்பு அல்ல. படுவான்கரைக் கிரவல் வீதிச் செம்மண் காய்ந்தாலும் இதே நிறம்தான் இருக்கும். ஷாம்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் செம்மண் ஊறிக் கழன்றுவிடும், பிரேக் தூசு கழலாது.

படலம் போயும் செம்புள்ளிகள் குத்தி நிற்கின்றன

வெள்ளி நிற ரிம்மில் மிளகாய்த்தூள் தூவியதுபோலத் தெரியும். இரண்டு சுற்று மருந்துக்கும் அசையவில்லை என்றால் கிளே கட்டியை, அதாவது ஒட்டிய துணுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டியை, எடுக்க வேண்டும். கட்டியில் எலுமிச்சங்காய் அளவு பிய்த்து, கைச்சூட்டில் தட்டையாக்குங்கள். ரிம்மில் ஷாம்புத் தண்ணீர் வழிய வழிய இருக்கட்டும். அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று இழுபடும். இரும்பு கழன்றதும் கண்ணாடியில் வழுக்குவதுபோல ஓடும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மடித்துப் புதிய முகத்தைத் திருப்புங்கள். சில்லுக்குப் பாவித்த கட்டியைப் பெயின்டில் வைக்காதீர்கள். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவி எடுக்கலாம் என்று நினைத்தால் உள்ளே இருக்கும் ஒரு மணல் போதும்.

புள்ளி கழன்ற இடத்தில் ஊசிக்குத்துப்போலக் குழி தெரிந்தால் பூச்சு துளைபட்டுவிட்டது. மெல்லிய பொலிஷ் போட்டால் பார்வைக்குக் குறையும், குழி நிரம்பாது.

பச்சைத் தேய்ப்பான், கம்பிப் பஞ்சு, தும்பு மூன்றும் வேண்டவே வேண்டாம். புள்ளி போகும், அதோடு பளபளப்பும் போகும். கீறிய இடத்தில் அடுத்த தூசு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

வெள்ளை வட்டங்கள்

இது கிணற்றுத் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்பு. பிரேக் தூசைக் கழுவிய பிறகு புதிதாகத் தோன்றுவதால் மருந்து வெளுத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கடை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் ஒட்டி வைத்து, நன்றாக அலசுங்கள். பூச்சில்லாத பொலிஷ் அலுமினியத்தில் இதைச் செய்ய வேண்டாம். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுபவர்கள் கடைசி அலசலுக்கு மட்டும் உன்னிச்சை, கொண்டவட்டுவான் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பாவித்து, வெயில் படுமுன் துடைத்துவிட்டால் வட்டம் வராது. ரிம் ஒன்றுக்கு இரண்டு லீற்றர் போதும்.

பிசுபிசுக்கிறது

வெளி முகத்தில் கரும்புள்ளியாக, நகத்தில் நசுங்கினால் தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெயை டிஸ்க்கில் படவிடக் கூடாது. பட்டால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காமல் காரை எடுக்காதீர்கள். தின்னர் வேண்டாம், பூச்சையே கரைக்கும்.

உள்வளையத்தில் சுற்றிவர கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு உள்ளே டோர்ச் அடித்தால் தெரியும். பின் சில்லின் உட்பக்கம் ஈரக்கோடு வழிந்து, பெயின்டும் பொங்கியிருந்தால் ட்ரம் சிலிண்டர் ஒழுகுகிறது என்று எடுங்கள். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும். போனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டாங்கியின் அளவைப் பாருங்கள். இறங்கியிருந்தால் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கராஜைக் கூப்பிடுங்கள்.

ஒரு சில்லு மட்டும் கறுக்கிறது

இதைக் கழுவித் தீர்க்க முடியாது. முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கறுக்க வேண்டும். ஒன்று அடுத்ததைவிடத் தெளிவாகக் கறுத்தால் பெரும்பாலும் அந்தப் பக்கப் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

நேரான வீதியில், கூடியவரை பிரேக் மிதிக்காமல் பத்துக் கிலோமீற்றர் ஓடுங்கள். மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் விடியற்காலையில் போனால் இதற்கு வசதி. நிறுத்தியதும் இரண்டு முன் சில்லின் நடுவிலும் உள்ளங்கையைத் தொடாமல் மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். ஒரு பக்கம் அனல் அடித்தால் விடை கிடைத்துவிட்டது. டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

ஆறிய பிறகு ஜக் போட்டுப் பாருங்கள். நம் மணல் வளவில் ஜக் சாய்ந்து புதையும். ஓரடி அகலப் பலகையை அடியில் வைத்து, பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஸ்டாண்ட் நிறுத்திய பிறகே சில்லைக் கழற்றுங்கள். சில்லு மாட்டியிருக்கும்போதே நியூட்ரலில் கையால் சுற்றிப் பார்த்திருப்பது நல்லது. லேசான உரசல் சத்தம் வழமைதான். அரைச் சுற்றுக்கு மேல் ஓட மறுத்தால் சிக்கியிருக்கிறது.

கலிப்பரைத் தாங்கும் வழுக்குப் பின்கள் காய்ந்தோ துருப்பிடித்தோ போவதுதான் இந்தப் பக்கத்தில் முதல் சந்தேகம். உப்புக்காற்று அதன் ரப்பர் தொப்பிக்குள் புகுந்தால் போதும். உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால் சிக்கல் வழுக்குப் பின்னில், அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டனில். பின்னை வெளியே இழுத்துத் துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். கையில் இருக்கிறதென்று சாதாரணக் கிரீஸைப் பூசினால் ரப்பர் ஊதி, முன்பைவிட இறுக்கமாகச் சிக்கும். பேட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவென்றால் இரண்டு பக்கமும் சோடியாக மாற்ற வேண்டும். பிஸ்டனின் ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிந்தால் வீட்டில் வைத்துக் குடையாதீர்கள்.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. சுத்தமாக இருக்கும் சில்லே நோயாளியாகவும் இருக்கலாம். அந்தப் பக்கப் பிஸ்டன் இறுகி நின்றால் பிரேக் பிடிக்காது, தூசும் வராது. பாரம் முழுவதையும் மற்றது சுமந்து கறுக்கும். பிரேக் மிதிக்கும்போது கார் கறுத்த சில்லின் பக்கம் இழுத்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கழுவி இரண்டே நாளில் திரும்பக் கறுக்கிறது

இரு முன் சில்லும் சமமாகக் கறுத்தால் பேட்டின் கலவைதான் காரணம். எஃகு நார் கூடிய செமி மெட்டாலிக் பேட் நன்றாகப் பிடிக்கும், தூசும் நன்றாகவே தரும். செராமிக் பேட்டின் தூசு குறைவு, நிறமும் வெளிறியது, விலைதான் கூட. நாள்தோறும் பட்டினத்துக்குள் ஓடும் சிறிய காருக்குச் செராமிக் சரி. புதுப் பேட் போட்ட முதல் சில நூறு கிலோமீற்றர் தூசு கூடுதலாகத்தான் இருக்கும். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியும் காலம் அது.

செங்கலடி வீதியால் பதுளை போய் வருபவர்கள் இறக்கத்தில் கியரைக் குறைத்தால் தூசு கண்கூடாகக் குறையும். ஆக்குவாவில் லீவரை B (என்ஜின் பிரேக்) நிலைக்கு இழுங்கள். என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தமான, உலர்ந்த ரிம்மில் மெழுகு அல்லது சீலன்டை இரண்டு மெல்லிய பூச்சாகப் போட்டு வைத்தால் அடுத்த தடவை ஷாம்பு மட்டுமே போதும். கரையோரத்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும்.

ரிம் பால்போல வெளுத்துவிட்டது, அல்லது பூச்சுக்கடியில் நரம்பு ஓடுகிறது

வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அமிலம். டொய்லட் கழுவும் அசிட், பற்றரி அசிட், சேவிஸ் ஸ்டேசன்களில் பெயரில்லாத கானில் இருந்து ஊற்றும் தண்ணீர், எல்லாமே ஒரு நிமிடத்தில் ரிம்மைப் பளபளப்பாக்கும். அடுத்த கிழமை அந்த இடம் மங்கும். கானில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஹைட்ரோபுளோரிக் அசிட், அமோனியம் பைபுளோரைட் என்ற பெயர் வந்தால் அந்த வேலையே வேண்டாம். அது தோலுக்குள் இறங்கி, மணிக்கணக்கு கழித்தே வலிக்கத் தொடங்கும். பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுப்படி எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கும் கடும் காரமும் அலுமினியத்தை இதேபோலக் கறுக்கவோ வெளுக்கவோ வைக்கும். எந்த அமிலத்தையும் குளோரினோடு சேர்க்காதீர்கள், அயன் ரிமூவரோடும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் கிளம்புவது மூச்சுக்கு ஆகாத வாயு.

மேலோட்டமான மங்கல் பொலிஷில் தேறும். பூச்சுக்கடியில் சிலந்தி வலைபோல வெள்ளை நரம்புகள் ஓடினால் அது அலுமினியத்தின் அரிப்பு. எந்தப் போத்தலும் அங்கே எட்டாது. பழைய பூச்சை உரித்து மறுபடி பெயின்ட் போடுவதுதான் வழி.

கழுவிய பிறகு வந்த புதுக் கோளாறு

70, 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் ரிம்மின் உள்வளையத்தைப் பாருங்கள். வயல் வீதிச் சேறு ஒரு பக்கம் மட்டும் கழுவப்பட்டு, மறுபக்கம் கட்டியாக நிற்கலாம். அல்லது சில்லைச் சமன்படுத்த ஒட்டியிருந்த பலன்ஸ் கட்டை பிரஷர் தண்ணீரில் பறந்திருக்கும். ஒட்டியிருந்த இடத்தில் சதுரமாகப் பசை தெரியும். பலன்ஸ் பார்க்கக் கொடுங்கள். சில்லைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டையும் சந்தேகப்படுங்கள். ஆக்குவா, விட்ஸ், அக்சியோவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டா ஃபிட்டுக்கு 108. நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

கழுவிய மறுநாள் காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்றால் டிஸ்க்கில் இரவோடு இரவாகப் பூத்த துரு அது. நாலைந்து தடவை மெதுவாகப் பிடித்தால் போய்விடும். இதைத் தவிர்க்க, கழுவி முடித்ததும் பத்து நிமிடம் ஓடி, இடையிடையே பிரேக் பிடித்து உலர்த்துங்கள். மாரியில் ஈரத்தோடு நிறுத்தும் காரில் கைப்பிரேக்கை இறுக்கி வைத்தால் லைனர் ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டோ கியர் காரைச் சமதரையில் P (பார்க்கிங்) நிலையில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்துவிட்டுப் போங்கள்.